ஏழு நிமிடம்

கால்சோய் தீவில்
சால்மன் கூண்டுகளுக்குத் தீவனம் போடும் கொட்டகை.
உப்பு பூத்த மேசைமேல் துரியின் கணினி,
லினக்ஸ்.
லைசென்ஸுக்குக் காசில்லாத வருடம் அவளே போட்டது,
பிறகு மாற்ற மனமில்லை.

கடலின் சூடு, ஒரு மீனுக்கு எத்தனை கடல்பேன்,
மூட்டை மூட்டையாய்த் தின்ற கணக்கு
பதினோரு வருடமாய் அதில்தான்.
அக்கரையில், கிளாக்ஸ்விக்கில், தலைமை அலுவலகம்.
அங்கே எல்லாம் விண்டோஸ்.
இனிமேல் பென் டிரைவைப் படகில் கொடுத்தனுப்பாதே என்று
மேலிடத்து உத்தரவு.

அதற்குத்தான் காலைப் படகில் வந்தேன்,
பையில் கேபிளும் பாதி வாழைப்பழமும்.

பிங் போனது, திரும்பி வந்தது.
ஆள் இருக்கிறது உள்ளே. கதவுதான் திறக்கவில்லை.
பழைய பேச்சில் கூப்பிட்டேன்,
அந்தப் பேச்சை விட்டு நாளாச்சு என்றது.
புதிய பேச்சில் கூப்பிட்டேன், யார் என்றது.
பெயர் சொன்னேன், பாஸ்வேர்ட் சொன்னேன்,
டொமைன் பெயரைப் பெரிய எழுத்தில்
ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்.
அனுமதி இல்லை.

போனில் ஹானுஸ்:
"இந்தப் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு."
எந்த சர்வர்க்காரன்
வேறு பதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்!

மழை பக்கவாட்டில் பெய்தது.
துரி மூன்றாம் முறை காப்பி ஊற்றியபோது
பதிவேட்டின் அடியில், ஒற்றை வரி:
கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை.

ஐந்து நிமிடம்வரை பொறுக்குமாம் அந்த வாசல்.
இந்தக் கணினியோ
ஏழு நிமிடம் முந்தி வாழ்ந்துகொண்டிருக்கிறது.

"நான்தான் வச்சேன்," என்றாள் துரி.
"படகுக்காக."

ஜன்னலோரத் திரையில் பெரிதாய் ஓடும் அந்த நேரத்தைப் பார்த்துத்தான்
ஊரே துறைக்கு இறங்குமாம்.

திருத்தினேன்.
மூன்று பன்னிரண்டு மூன்று ஐந்தானது.
நடந்து முடிந்த ஏழு நிமிடம்
மறுபடி நடக்க வந்து நின்றது,
அதில் நான் அதே காப்பியைக் குடித்தேன்.

கதவு திறந்துவிட்டது. சத்தமே இல்லை.
ஆனால் அவளிடம் இரண்டு ஃபோல்டர்,
பெரிய எழுத்தில் தொடங்கும் லக்ஸூர்,
சின்ன எழுத்தில் தொடங்கும் லக்ஸூர்.
"எதுக்கு ரெண்டு?"
"அது உயிரோட இருக்கறதுக்கு. இது செத்ததுக்கு."
விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான்.
துரி கொஞ்ச நேரம் விரலை விசைமேல் வைத்திருந்தாள்.
பிறகு சின்னதன் முன்னால்
'செத்த' என்று சேர்த்தாள்.

பதினோரு வருடம் நீர்ச்சந்தியைக் கடக்கத் தொடங்கியது.
தொண்ணூறு சதவீதம், தொண்ணூற்றொன்று,
பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே த்ரோந்தூர்,
கையில் ஆட்டுத்தோல் கட்டு,
திரையில் நான்கு மணி ஆகட்டும் என்று காத்திருந்தான்,
எப்போதும்போல்.
ஆனது. நடந்தான்.
படகு துறையைவிட்டு இருபது கஜம் போயிருந்தது.
அதில் போகவேண்டிய நானும்
ஜன்னலில்தான் இருந்தேன்.

த்ரோந்தூர் என்னை ஒன்றும் சொல்லவில்லை.
தோல் கட்டைத்தான் தரையில் போட்டான், கொஞ்சம் பலமாக.

போன் அடித்தது. "வந்துடுச்சு," என்றான் ஹானுஸ்,
"எல்லாம் வந்துடுச்சு."

துரி கழிவறைக்குப் போய்
அங்கே மாட்டியிருந்த பிளாஸ்டிக் கடிகாரத்தைக் கழற்றி வந்தாள்.
முள்ளைப் பிடித்து முன்னால் தள்ளினாள், ஏழு.
திரைக்குப் பக்கத்தில், ஜன்னல் கொக்கியில் மாட்டினாள்.

அடுத்த படகு ஆறரைக்கு.
எந்தக் கேபிளும் போகாத அந்த முகத்தில்
அதற்குள் நான்கு பதினொன்று.