அரை மில்லிமீட்டர்

மின்விசிறியை நிறுத்திவிட்டேன்.
நான் தொடப்போகும் பொருளை
அது ஊதிக்கொண்டு போய்விடும்.

திருத்துறைப்பூண்டி, உரக்கடை மாடி.
"ஜொஹரா மொபைல்ஸ்னு போட்டிருக்கு,
அவரு இல்லீங்களா?"
"அவருதான் நான். உட்காருங்க."

ஈரிழைத் துண்டைப் பிரித்தார் செங்கோடன்.
உள்ளே அறுவடை வண்டியின் மூளை.
ஆத்தூர்க்காரர். வண்டி நிற்பது
பள்ளங்கோவிலுக்கு அந்தப்பக்கம், பாதி வயலில்.
நேற்று மூன்று மணிக்கு நின்றதாம்.
குறுவை சாய்ந்து கிடக்கிறதாம்.
பேசப் பேச என் சன்னல் வழியே
கிழக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

மூடியைத் திறந்தால் எலி.
எலி இல்லை, அதன் வாசம்.
நெல்லைத் தின்றுவிட்டு
பலகைமேல் அது பெய்த மூத்திரம்
பச்சை பூத்துச் செம்பை அரித்திருந்தது.

கண்ணை வைத்தேன். இருபது மடங்கு.
வாய்க்கால் மாதிரி இருக்கிறது என்று சொல்லலாம்.
சொல்லமாட்டேன்.
வாய்க்காலில் தண்ணீர்
கடைமடைக்கு வராமல் போகும்.
இங்கே போகக்கூடாத இடத்துக்குப் போகிறது.
அதற்குப் பெயர் ஷார்ட்.

ஒரே ஒரு வோல்ட் உள்ளே விட்டு
பலகை முழுக்க ஆல்கஹால் தடவினேன்.
எது முதலில் காய்கிறதோ அதுதான் ஆள்.
எல்லாம் ஈரமாய் மினுங்க
ஒரு கப்பாசிட்டர்,
அரை மில்லிமீட்டர் அகலம்,
தன்னைச் சுற்றி வறண்டுகொண்டே வந்தது.
"அதோ" என்றேன்.
"எதோ?" என்றார்.

அந்த அளவில் புதியது கையில் இல்லை.
சென்னையிலிருந்து வர நாலு நாள்.
செத்த போன்களின் டப்பாவைக் கவிழ்த்தேன்.
ஒன்றின் முதுகில் என் கையெழுத்து:
எடையூர், ஜெயசீலி, தண்ணீர்.
மூன்று வருடமாய் வாங்க வரவில்லை.
அதிலிருந்து ஒன்றைப் பெயர்த்து
மீட்டரில் வைத்தேன். ஒத்துவந்தது.
சாமணம் ஒரு மயிரிழை கூட அழுத்திவிட்டது.
சத்தமே இல்லை.
போயிற்று.

அவர் மண்டியிட்டுத் தரையைத் துழாவினார்.
"நெல்லா இருந்தா எடுத்துருவேனுங்க."
"எழுந்திரிங்க. காலில் ஒட்டிக்கிட்டுப் போனாலும் தெரியாது."

அதே போனிலிருந்து இன்னொன்று.
மூச்சைப் பிடித்தேன்.
எதற்கென்று கேட்காமல் அவரும் பிடித்தார்.
ஈயம் இளகிக் கண்ணாடியாகும் நொடியில்
கப்பாசிட்டர் தானாகவே புரண்டு
தன் இடத்தில் படுத்துக்கொள்ளும்.
இருபது வருடமாய் இதைத்தான் பார்க்கிறேன்:
நான் கோணலாய் வைப்பேன்,
ஈயம் நேராக்கும்.
கூலி மட்டும் எனக்கு.

அரிந்த தடத்தின்மேல்
முடியைவிட மெல்லிய கம்பி ஒன்று பாலமானது.
வேர்வை கண்ணாடி வளையல்வரை வழிந்திருந்தது.

"எண்ணூறு."
"இத்துனூண்டு தூசிக்கா?"
நாற்காலியை விட்டு எழுந்து
"நீங்களே பாருங்க" என்றேன்.
குனிந்தார். வெகுநேரம் பேச்சில்லை.
வியக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.
"ஓரத்துல எலிப்புழுக்கை ஒண்ணு
இன்னும் இருக்குதுங்க."
இருந்தது.
எடுத்துப் போட்டுவிட்டு
எழுநூற்றைம்பது வாங்கினேன்.

இறங்கும்போது தூறல்.
பலகையைச் சட்டைக்குள் விட்டு
வயிற்றோடு அணைத்து ஓடினார்.
வண்டி கிளம்பியதா,
வயலை மழை முந்தியதா,
யாரும் போன் செய்து சொல்லவில்லை.
ஓடாவிட்டால்தான் கூப்பிடுவார்கள்.

ராத்திரி சோற்றில் ரசம் ஊற்றும்போது
வளையலுக்கு அடியில் ஏதோ உறுத்தியது.
உப்புக்கல் என்று தட்டப்போனவள்
விளக்கருகே கொண்டுபோனேன்.
இரண்டு முனையிலும் வெள்ளி.

தின்றுகொண்டிருந்ததை விட்டு எழுந்து
ஒரு காகிதத்தில் மடித்து எழுதினேன்:
எடையூர், ஜெயசீலி.
ஒன்று என்னிடம் இருக்கிறது.
ஒன்று பள்ளங்கோவிலில்.