ஆட்டத்துக்கு ஒன்றரை வெள்ளி

விக்டோரியா ஸ்திரீட் நூலகம், பதினோராம் மாடி.
நுண்படச் சுருளைச் சுற்றிச் சுற்றி
கண் கரிக்கிறது.
நான் தேடி வந்தது
1934இன் அரிசி விலை.
கிடைத்தது ஒரு பெயர்,
மூன்று எழுத்துப்பிழைகளாக.

ஜூனில் எஸ். மானிக்.
ஆகஸ்டில் சூசே.
அக்டோபரில் சூசி;
அமெரிக்க மாலுமிகளுக்கு அது
பெண்பிள்ளைப் பெயராம்.
கோட்டுக்கு வெளியே நின்று சீட்டியடித்தார்கள்,
முதல் பந்து வரும்வரை.

சூசைமாணிக்கம்.
ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலின்
ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும்
முழுப் பெயரோடு இருக்கிறான்.
அவன் என்றுதான் வருகிறது எனக்கு.
இந்தச் சுருளுக்குள் அவருக்கு
இருபத்திரண்டு வயது.

பாசிர் பாஞ்சாங்கில் எண்ணெய்த் தொட்டிகள்.
பின்னால் லாலாங் வெட்டிய திடல்,
மூலைக்கொரு மணல்மூட்டை, நடுவில் செம்மண் மேடு.
கிரிக்கெட் தெரிந்த கிராணிமார் வந்து பார்த்தார்கள்:
ஸ்டம்பு இல்லை, பந்து தரையில் குத்தக்கூடாது,
இது என்ன ஆட்டம்?

அவன் தொட்டி துடைப்பவன்.
குழாய்மேல் ஊர்ந்த பாம்பை
நாற்பதடி தள்ளி நின்று
ஒரு மரையாணியால் அடித்தான்.
மேனேஜர் பாம்பைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

வீட்டில் அதற்குப் பீச்சாங்கை என்று பெயர்.
சோற்றில் பட்டால்
முட்டியில் அகப்பைக்காம்பு விழும்.
திடலில் அதற்கு விலை வைத்தார்கள்:
ஆட்டத்துக்கு ஒன்றரை வெள்ளி.

துரைமார் சும்மா ஆடினார்கள், ஆட்டம் அவர்களுக்கு ஓய்வு.
கூலிக்கு ஆடுபவன் அணியில் இருந்தால்
கோப்பை செல்லாது.
ஆகவே கம்பெனிக் கணக்கில்
ஞாயிறுதோறும் ஒரு வரி:
தொட்டி துடைப்பு, கூடுதல், 1.50.
ஞாயிற்றுக்கிழமை யாரும் தொட்டி துடைப்பதில்லை.
இந்தத் தீவில் பேஸ்பால் ஆடிச் சம்பளம் வாங்கிய
முதல் ஆள் அவன் என்பதற்கு
என் கையில் உள்ள அத்தாட்சி
அந்தப் பொய்தான்.

காசை மட்டும் வலக்கையால் வாங்கியிருப்பான்.

சட்டை மாற்ற லாரியின் பின்புறம்.
கையுறை கிடையாது முதல் வருடம்;
வலது உள்ளங்கையில் சாக்கு சுற்றிக்கொண்டு
பந்தைப் பிடித்தான்.

1935 நவம்பர், ஒரு போர்க்கப்பல் அணி.
பதினோரு பேர் மட்டையை வீசி, காற்றை மட்டும் அடித்துவிட்டு
திரும்பி நடந்தார்கள்.
மறுநாள் பத்திரிகையில்
கேப்டனின் தொப்பி இருக்கிறது,
கூடாரத்தில் பரிமாறிய பன்றித் தொடை இருக்கிறது,
காற்று வடகிழக்கு என்றுகூட இருக்கிறது.
எறிந்தவர்: உள்ளூர்ப் பையன்.

1937இல் தோள் போனது.
கோடாலித் தைலம், மூன்று குப்பி,
சம்பளத்தில் பிடித்தம்.
அதற்கப்புறம் ஞாயிற்று வரிகள் இல்லை.
1942க்கு அப்புறம் கணக்குப் புத்தகமே இல்லை.

பேத்தி ஒருத்தி ஈசூனில் இருக்கிறாள்.
"பேஸ்பாலா? எங்க தாத்தாவா?
ஃபுட்பாலா இருக்கும், அண்ணே, நல்லா பாருங்க."
சிரித்துவிட்டு, ராத்திரி பதினொன்றரைக்கு
வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள்.
1957, குடியுரிமைப் படிவம்.
தொழில்: லாரி உதவியாள்.
முன்பு பார்த்த வேலை: ஒரு கோடு.
கையெழுத்து இடத்தில்
இடது கட்டைவிரல்,
மை கொஞ்சம் அதிகம்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
விரல்நுனியில் ரேகை
ஓரிடத்தில் தேய்ந்து வழவழவென்றிருக்கிறது.
தையல் உரசியதா, லாரிக் கயிறா,
சொல்லத் தெரியவில்லை.

பத்திரிகைகளில் எண்ணினேன், இருபத்துமூன்று ஆட்டம்.
கணக்குப் புத்தகத்தில் இருபத்துநான்கு வரி.
அந்த ஒன்றுக்காக நான்கு சனிக்கிழமை போயிற்று.
அரிசி விலையை யாரோ கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள்.

இன்று அந்தப் புத்தகத்தையே
மறுபடி வரவழைத்தேன்.
நூலகம் இன்னும் பதினைந்து நிமிடத்தில் மூடப்படும்
என்று நாலு மொழியில் சொல்லி முடிப்பதற்குள்
கண்ணில் பட்டது.
தொகை மற்றவற்றைப் போல இல்லை,
இத்தனை நாள் தவறென்று தாண்டிப் போயிருக்கிறேன்.

தொட்டி துடைப்பு, கூடுதல்.
மழை.
0.75.