சாம்பல் கணக்கு

குலசேகரம் சந்தைக்குப் பின்னால் எங்கள் சங்கத்துக் குடோன்.
கம்பில் தொங்குகிறது இரத்தினபாயின் ரப்பர் ஷீட்.
காற்றில்லை, அது அசையவில்லை.
நாலு நாள் புகை குடித்த
கருப்பட்டிப் பாகின் நிறம்.

மூன்று முறை அமுக்கினேன்.
முதல் படத்தில் தேன்.
அடுத்ததில் தேயிலைச் சக்கை.
மூன்றாவதில்
யாரோ மோர் ஊற்றிய வெளிறல்.

எது போயிற்று என்று பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.
கோட்டயத்திலிருந்து குரியச்சன் கூப்பிட்டார்:
"இது அஞ்சாம் தரமல்லே?"
கிலோவுக்குப் பதினொரு ரூபாய்
அந்தக் கேள்விக்குறியிலேயே கழிந்தது.

இரத்தினபாய் படத்தைப் பார்த்தாள், ஷீட்டைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
"பால் வெட்டினது நான்.
புகை போட்டது தாசையன்.
கறுப்படிச்சது ஆரு?"

பேட்டரி மாற்றினேன்.
லென்ஸைக் கழற்றி, பித்தளைப் புள்ளிகளைப்
பிள்ளையின் ரப்பரால் தேய்த்தேன்
(ரப்பரைப் பார்க்க ரப்பராலேயே தேய்ப்பு).
எல்லா அமைப்பையும் அழித்து
பிறந்த நாளுக்கே அதைத் திருப்பிவிட்டேன்.
மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினேன்.
கடைக்காரப் பையன் பிரிஜின்
திறந்தான், ஊதினான், மூடினான்.
"கேமராவுக்கு ஒரு கேடும் இல்லக்கா."
அதைச் சொல்ல முந்நூறு ரூபாய்.

கேடு இல்லாத ஒன்று
ஒரே பொருளுக்கு மூன்று சாட்சி சொல்லுமா?

சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு
வெள்ளைச் சுவரை எடுத்தேன்: சாம்பல்.
கறுப்புக் குடையை விரித்து எடுத்தேன்: அதுவும் சாம்பல்.
சிரித்துவிட்டேன் தனியாக.
பாவம், அதற்குத் தெரிந்த உலகமே
அந்த ஒரு நடுச்சாம்பல்தான்.
வெளிச்சம் கண்டால் அடக்கும்,
இருட்டைக் கண்டால் தூக்கிவிடும்,
பஞ்சாயத்து பேசி எல்லாரையும்
நடுவில் உட்கார வைக்கும்.

கதவு திறந்திருந்தால் வானம் சட்டத்துக்குள் வரும்,
ஷீட் சக்கையாகும்.
கறுப்புக் கைலியில் தாசையன் பின்னால் நின்றால்
ஷீட் வெளுக்கும்.
நான் ஒரு விரற்கடை நகர்ந்தால்
ஒரு தரம் நகர்கிறது.
அதிலும் இது தை மாதம்.
தோட்டமெல்லாம் இலை கொட்டி மொட்டையாய் நிற்கிறது,
நேற்று நிழல் இருந்த இடத்தில்
இன்று வெயில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறது.

ஆட்டோவை விட்டேன்.
பூசாத சிமெண்டுத் தரையில் அளந்தேன்:
அது சாம்பல், அதை நம்பலாம்.
அறுபதில் ஒன்று. ஐந்து புள்ளி ஆறு. நானூறு.
புகைப்புரைக் கரியால் சுவரில் எழுதினேன்.
எழுதி முடிக்கையில் மேகம் வந்தது.
அழித்தேன்.
மறுபடி தரையில் அளந்து மறுபடி எழுதினேன்.
சுவரில் இப்போது மூன்று மாதக் கணக்கு,
ஒன்றின்மேல் ஒன்றாய்,
கடன்காரன் டைரிபோல.

ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும்
உடைந்த சிமெண்டுக் கல் ஒன்று கிடக்கும்.
"அதெந்தா ஒரு கல்லு?" என்றார் குரியச்சன்.
"தராசுக்குப் படிக்கல் வேண்டாமா?" என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை,
லாரி இரைச்சல் மட்டும்.
பிறகு மூன்றாம் தரம் என்றார்,
பதினொரு ரூபாய் திரும்பியது.

இரத்தினபாய் எண்ணி
முந்தானையில் முடிந்துகொண்டு
அடுத்த கட்டை அவிழ்த்தாள்.
எடுத்தேன். கல் சரியாக இருந்தது.
ஷீட்டின் விளிம்பில்
ஊசி முனை ஊசி முனையாய்ப் பூசணம்,
ஒன்றுகூடத் தப்பவில்லை.
கண்ணுக்குப் படாதது, நாலாம் தரத்துக்குப் போதுமானது.

திரையை அவளும் குனிந்து பார்த்தாள்.
கதவை அகலத் திறந்துவிட்டு,
வானத்தை உள்ளே கூப்பிட்டுச் சொன்னாள்:

"இதுக்கு அந்தப் பழைய ஆட்டோவே போரும், மக்ளே."