கடைமடை

திருத்துறைப்பூண்டி பாசனப் பிரிவு. புதுக் கட்டட வரைபடம்.
மைலுக்கு ஓரிரு அடிச் சரிவில்
ஆற்றைக் கடல்வரை நடத்துகிறவர்கள் நாங்கள்.
வாசலில் ஏழு படி வைத்திருந்தேன்.
வெள்ளம் ஏறக்கூடாதே.

"வெள்ளம் மட்டுமா சார் ஏறாது?"
வரைபடத்தை மடியில் விரித்துக் கேட்டாள்
கணக்குப் பிரிவு தில்லைநாயகி.
பத்து வருஷமாக அவள் சக்கர நாற்காலி
படியில்லாத பின்கொட்டகையில்.
கோப்புகள் அங்கே
கடைமடைத் தண்ணீர்போல்தான் போய்ச் சேரும்.

மூன்றரை அடி உயரம். அடிக்குப் பன்னிரண்டு.
நாற்பத்திரண்டு அடி, நடுவில் ஒரு திருப்பம்.
ஜீப் நிறுத்தும் இடம் போயிற்று.
செயற்பொறியாளர் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

காது கேளாத ஞானசெல்வம்
சீட்டில் எழுதித் தந்தான்:
முதுகுக்குப் பின்னால் கதவு வேண்டாம்.
நசீமா, கைப்பிள்ளைக்காரி, மெதுவாகக் கேட்டாள்:
பதிவேட்டு அறைக்கு
உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா?

குறுவைக்கு அணை திறந்த வாரம் குடிபுகுந்தோம்.
யார் கையும் படாமல் சரிவேறி
எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தாள் தில்லைநாயகி.
இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.
சுவிட்சுப் பலகை ஐந்தடி உயரத்தில்.
அதையும் நான்தான் வரைந்திருந்தேன்.