ஹாரனின் ரிலே

பல்லடம் சிக்னலில் நின்றால் ஏசி அனல் ஊதும்;
பொங்கலூர் தாண்டி ஓடினால் குளிரும்.
"காத்துதான் வேல பாக்குது, ஃபேன் இல்லீங்"
என்றாள் துளசிமணி, பானட்டுக்குள் தலைவிட்டு.

பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தாள்.
சுற்றியது.
மோட்டார் மேல் பழியில்லை.
ஃபியூஸை வெயிலில் தூக்கிப் பார்த்தாள்,
உள்ளே கம்பி அறவில்லை.

மிச்சம் ரிலே.
ஞாயிறு, கடையெல்லாம் பூட்டு.
ஹாரனுடையதைப் பிடுங்கி அங்கே செருகினாள்:
இரண்டும் ஒரே அச்சு.
சித்த நேரத்தில் வண்டிக்குள் மார்கழி.

காங்கயம் போனோம், ஒறம்பரை வீட்டுக்கு.
வழியெல்லாம் ஆட்டுக்கூட்டம், நூல் லாரி,
தப்புப் பக்கம் வந்த மொபெட்.
ஸ்டியரிங்கை அமுக்கி அமுக்கி
ஓய்ந்தேன்.
ஆடுகள் அதுபாட்டுக்குக் கடந்தன.

திங்கட்கிழமை கடை திறந்தது.
புது ரிலே வாங்கத்
துளசிமணி அவசரப்படவே இல்லை.