இரண்டாம் சூடு

இடுப்பில் மூன்று புள்ளிகள்.
நாலு வருஷத்துக்கு முன் மிஷின் குறிபார்க்கக் குத்தியது.
பச்சை என்பாள் மீனாள், கறுப்பு என்பேன் நான்.
எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

இன்று டாக்டர் ஹெப்சிபா அதே புள்ளிகளைத் தொட்டுவிட்டுக்
கையுறையைக் கழற்றினார்.
திரும்ப வந்திருக்கிறது. அதே இடம்,
வாலெலும்பை ஒட்டி.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தார்.
இடப்பக்கம் கத்தி:
மலக்குடலில் மிச்சம், மூத்திரப்பை, எலும்பில் ஒரு துண்டு
எல்லாம் ஒரே பாளமாக வெளியே.
வயிற்றில் இரண்டு பை, ஆயுசுக்கும்.
வலப்பக்கம் மறுபடி கதிர்:
தாங்குகிற அளவை முன்பே வாங்கியாயிற்று, அதனால்
சின்னச் சின்னதாக, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று,
நடுவில் ஆறு மணிநேரம்
நல்ல சதை தேறிக்கொள்ள.
கோட்டுக்கு அடியில் பென்சிலில்: கீமோ மட்டும்.
அதற்கும் அடியில் எழுதாமல் விட்ட இடம் ஒன்று இருந்தது.
இருவருமே அதைப் பார்த்தோம்.

கீழவளவில் இருபத்திரண்டு வருஷம் வயர் சா ஓட்டியவன் நான்.
வெடி கண்ட பாறையை நம்பமாட்டோம்.
முதல் சூட்டில் எங்கெங்கே மயிரிழை ஓடியதென்று
கல்லுக்கே தெரியாது.
பிளாக் வெளியே வந்தபின் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம்.
எல்லாம் காய்ந்த பிறகும்
காயாத கோடு ஒன்று நின்றால்
போச்சு.

கேட்டேன்: இதுபோல எத்தனை அறுத்திருக்கிறீர்கள்?
பதினொன்று.
ஓரம்?
ஏழு பேருக்குச் சுத்தம்.
மீதி நாலு பேரை விசாரிக்க வாய் வரவில்லை.
கதிர் பட்ட சதை ஆற மாசக்கணக்காகும் என்று
அவராகவே சொன்னார்.
பிறகு, முதலில் சின்னக் கதிர்,
நுரையீரல் படம் சுத்தமாக இருந்தால் கத்தி,
அப்படியும் ஒரு வழி உண்டு என்று
கோட்டைக் குறுக்கே வெட்டி ஓர் அம்புக்குறி போட்டார்.

மேலூர் பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.
ஒத்தக்கடை தாண்டும்வரை பேச்சில்லை.
ஜன்னலில் யானைமலை,
யாரும் அறுக்காமல் படுத்திருந்தது.
தாளை எட்டாய் மடித்து, பிரித்து,
மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள் மீனாள்.
சிட்டம்பட்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது கேட்டாள்:
"அந்த ஆறு மணிநேரம் எங்க இருக்கிறது?
தமுக்கத்துல வெயிலு.
மியூசியத்துல வேப்பமரம் இருக்கு.
காத்தடைக்கிற டியூப் தலகாணி ஒண்ணு வாங்கணும்,
உக்கார."

ம் என்றேன்.
கை இடுப்புக்குப் போனது.
பழைய புள்ளியே செல்லுமா,
புதுசாகக் குத்துவார்களா,
அதைக் கேட்க விட்டுப்போயிற்று.