பட்டி

பன்னிரண்டடி டிஷ்.
முதுநகர் மொட்டைமாடியில்
ஏறக்குறைய மல்லாந்து கிடக்கும்.
புயலன்று யார் வீட்டுத் தொட்டிமூடியோ பறந்துவந்து
நாலைந்து குழி, விளிம்பில் ஒரு நெளிசல்.
மழை இருட்டினாலே
படம் சதுரம் சதுரமாய் உதிரும்.

சந்தியாகு வந்தான்.
புதுப்பாளையத்தில் புல்லட் டாங்குக்குப் பெயின்ட் அடிக்கிறவன்.
குழியில் பட்டி இட்டான், தேய்த்தான், மறுபடி இட்டான்.
வெள்ளிப் பெயின்ட் மூன்று கோட்.
விளிம்பில் சிவப்பில் தன் போன் நம்பர்.
உப்பனாற்றுப் பாலத்திலிருந்து பார்த்தால்
எங்கள் மாடியில் இன்னொரு பகல்.

மீட்டர்: பதினொன்று புள்ளி இரண்டு.
நேற்றும் பதினொன்று புள்ளி இரண்டுதான்.

"கண்ணாடி மாதிரி இருக்கேக்கா."
அதுதான் வினை.
மார்ச் முதல் வாரம், உச்சிவேளை,
செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால்
சூரியன் வந்து நின்ற சில நிமிடம்.
குவியத்தில் இருந்த பிளாஸ்டிக் மூடி
மெழுகாய் இளகி
டிஷ்ஷின் நடுவில் சொட்டியது.
முந்நூற்று நாற்பது வீட்டிலிருந்தும் போன்.

அலை ஏழரை சென்டிமீட்டர்.
(சிரிக்காதே, அளவே அதுதான்.)
அதற்குப் பெயின்ட் என்று ஒன்று கிடையாது.
பட்டியும் கிடையாது;
ஊடே போய்
அடியில் இருக்கும் அதே குழியைத் தொட்டு
கொஞ்சம் பிந்தித் திரும்பும்.
பிந்தி வந்தது முந்தி வந்ததைக் கழிக்கும்.
வெயில் வேறு சாதிப் பொடி.
அதற்குப் பெயின்ட் மட்டும்தான் தெரியும்.

சொன்னேன்.
எதுவும் பேசாமல் பட்டியைச் சுரண்டினான்.
பளபளப்பையெல்லாம்
நூற்றிருபதாம் நம்பர் உப்புத்தாளால் கொன்றான்.
ப்ளைவுட்டில் நான் அறுத்த வளைவை
நடுவில் ஆணியடித்துச் சுற்றிச் சுற்றி ஓட்டினோம்.
இடைவெளி தெரிந்த இடமெல்லாம் சாக்பீஸ்.
பின்பக்கமிருந்து மரச்சுத்தியல்,
பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

கடைசியில் சுத்தியலை வைத்துவிட்டு
கண்ணை மூடி
உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனான்,
டாங்கைத் தடவுவது போல.
"இங்க ஒரு அரிசி அளவு நிக்குதுக்கா."
வளைவை வைத்துப் பார்த்தேன்.
நின்றது.

பன்னிரண்டு புள்ளி ஒன்பது.

இப்போது டிஷ் பார்க்கச் சகிக்காது.
சாம்பல், கீறல், சுத்தியல் தடம்.
படியிறங்கும்போது சொன்னான்:
"அந்த நம்பரை மட்டும் அழிச்சிடுக்கா,
என் வேலைன்னு நினைச்சிடுவாங்க."

அழிக்கவில்லை.
அலைக்கு அது தெரியாது.
அடுத்த புயலுக்கு
எனக்குத் தெரிய வேண்டும்.